அவையும் ஆலையும்: அறிவியற் புனைகதை ஆர்வலர் மாநாடு பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

இலக்கியம் வளர்தற்கு ஆக்கியோனும் நூலும் கற்போனும் வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. இம்மூன்றுடன் நான்காவதாக ஒன்றும் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. அது, கற்றோர் ஒருவரையொருவர் நேரிற் கண்டு தாம் கற்றவற்றை நிறுத்துப் பார்க்கும் அவையாகும். பண்டைத் தமிழர் நூலினை அரங்கேற்றியதும், அவையோர் ஏற்ற பின்னரே அதனைப் போற்றியதும் இவ்வுண்மையை உணர்ந்தே என்க.

அறிவியற் புனைகதை என்னும் இலக்கிய வகைக்கு மேலைநாட்டில் இத்தகைய அவை ஒன்று உண்டு. பல நாள் தொடர்ந்து நடைபெறும் அதனை ஆர்வலர் மாநாடு என வழங்குவோம். தமிழில் அறிவியற் புனைகதை உண்டு. அதனை விரும்பிப் படிப்போர் தொகையும் சிறிதன்று. ஆயின் அவ்வகைக்கென அமைந்த அவை மட்டும் இன்னும் முழுதும் உருப்பெறவில்லை. இக்குறை நம் புனைகதையின் உள்ளீட்டையே தாக்கியுள்ளது என்பதை யாம் இக்கட்டுரையிற் காட்ட முயல்வோம். ஆராய்ச்சிக்கு நிலைக்களமாக, ஸ்ரீபெரும்புதூர் என மக்கள் வழங்கும் திருப்பெரும்புதூரும் ஒரகடமும் சூழ்ந்த ஆலைநிலத்தை எடுத்துக்கொள்கின்றோம். பொறிகளோடு நாளும் பழகும் மக்கள் தமிழகத்தில் மிக்கு வாழும் நிலங்களுள் அஃது ஒன்றாதலின், பொறி பற்றிய இலக்கியத்தை அளக்கும் அளவுகோல் ஆங்குக் கிடைக்கும் என்பது எம் துணிபு.

மாநாடு தோன்றிய வரலாறு

1926-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அமெரிக்காவில் ஹூகோ கெர்ன்ஸ்பேக் என்பார் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். அவ்விதழில் வாசகர் மடல்கள் எழுதியோரின் முகவரியோடு அச்சாயின. இச்சிறு செயலின் விளைவு பெரிது. மடல் எழுதிய ஒருவர் மற்றொருவரின் முகவரியைக் கண்டு அவர்க்கு நேரே எழுதினார். இதழாசிரியர் இடைநில்லாமலே வாசகர்க்குள் உறவு வளர்ந்தது. ஊர்தோறும் சிறு கழகங்கள் தோன்றின. கழகத்தார் தாமே இதழ்கள் அச்சிட்டுத் தம்முள் வழங்கிக்கொண்டனர். மாநாடு இம்மடற் போக்குவரத்தின் முதிர்ச்சியே ஆகும்.

முன்னரே திட்டமிட்டுக் கூட்டிய முதல் மாநாடுகளுள் ஒன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1937-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் நடைபெற்றது. கூடிய இடம் அந்நகரத்துப் பிரம்மஞான சபை மண்டபம். அச்சபையின் உலகத் தலைமையிடம் நம் அடையாற்றில் உள்ளமை தமிழர்க்கு நினைவில் எழும். மிகச் சிலரே வந்திருந்த அக்கூட்டத்தில் இளைஞராகிய ஆர்தர் கிளார்க்கும் இருந்தார். பின்னர் 1956-இல் இலங்கையிற் குடிபுகுந்து, 2008-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மறையும் வரை அந்நாட்டையே தம் இல்லமாகக் கொண்டவர் அவர். தமிழ் அறிவியற் புனைகதையின் முதன்மை ஆசிரியராகிய சுஜாதா மறைந்ததும் அதே ஆண்டு பிப்பிரவரி 27-ஆம் நாள். இருவர் மறைவுக்கும் இடைப்பட்ட காலம் மூன்று கிழமையே. ஒருவர் அவையில் வளர்ந்தவர். மற்றவர் வார இதழில் வளர்ந்தவர். இவ்வேறுபாடு பின்னர் விளக்கப்பெறும்.

உலக மாநாடு எனப் பெயர் பெற்ற முதற்கூட்டம் நியூயார்க்கில் 1939-ஆம் ஆண்டு சூலை 2 முதல் 4 வரை மூன்று நாள் நடைபெற்றது. ஏறத்தாழ இருநூற்றுவர் கூடினர். அந்நகரில் அப்போது உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. ‘நாளைய உலகம்’ என்பது அதன் பொருள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வருங்கால நெடுஞ்சாலைகளின் மாதிரியைக் காட்டிற்று. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் பேசும் எந்திர மனிதன் ஒன்றை நிறுத்திற்று. ஆலைகள் தம் வருங்காலத்தைக் காட்சிப்படுத்திய அதே நகரில், அதே நாள்களில், வாசகர் தம் வருங்காலத்தைப் பற்றிப் பேசக் கூடினர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. மாநாட்டுக்கு ‘உலக’ என்னும் அடை வந்ததும் அப்பொருட்காட்சியை ஒட்டியே.

வாயிலில் நிகழ்ந்தது

அம்முதல் மாநாட்டின் வாயிலில் நிகழ்ந்த ஒன்றினை ஆராய்ச்சியாளர் பலரும் குறிப்பர். ‘ஃபியூச்சரியர்’ என்னும் குழுவைச் சார்ந்த டொனால்ட் வொல்ஹைம், பிரெடரிக் போல், சிரில் கார்ன்புளூத் முதலிய அறுவர் உள்ளே விடப்பெறவில்லை. புனைகதையை விரும்புவோர் சமுதாய அமைப்பையும் ஆராய்ந்து நிலை எடுத்தல் வேண்டும் என்பது அக்குழுவினருட் பலர் கொண்ட கொள்கை. மாநாட்டை நடத்தியோரைக் கண்டிக்கும் துண்டறிக்கைகள் கையகப்பட்டமையின், இவர்கள் கலகம் விளைப்பர் என அஞ்சி வாயிலை அடைத்தனர். விலக்கப்பெற்றோருட் கார்ன்புளூத்துக்கு அன்றுதான் பதினாறாம் ஆண்டு நிரம்பியது. போல் பத்தொன்பது அகவையினர். அக்குழுவைச் சார்ந்த ஐசக் அசிமோவோ உள்ளே சென்றார்.

விலக்கப்பெற்றோரின் பிற்கால வரலாறு திறனாய்வுக்குப் பயன்படுவது. போலும் கார்ன்புளூத்தும் இணைந்து எழுதி 1953-இல் நூலாக வெளிவந்த ‘தி ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்’ என்னும் புதினம், வணிக நிறுவனங்களே அரசினும் மேலாகிய உலகம் ஒன்றைக் காட்டுவது. வொல்ஹைம் பெரும் பதிப்பாசிரியர் ஆனார். பொருளாட்சியையும் உழைப்பையும் பற்றி வினவக்கூடியவர்களையே அம்முதல் அவை வெளியே நிறுத்தியது என்பது இதனாற் புலனாகும். அவை ஒன்று அமைந்தால் மட்டும் போதாது. அதன் வாயில் யார்க்குத் திறக்கின்றது என்பதே அதன் தகுதியை அளப்பது. இந்த அளவையை யாம் இக்கட்டுரை முழுதும் கையாள்வோம்.

மாநாட்டு நாள்களின் இயல்பு

இனி, இத்தகைய மாநாட்டிற்குச் செல்வோர் அங்குச் செய்வன யாவை என்பதைச் சுருங்கக் காண்பாம். உலக மாநாட்டிற்கு வருவோர் காட்சிக்கு நுழைவுச்சீட்டுப் பெறும் பார்வையாளர் அல்லர். கட்டணம் செலுத்தி உறுப்பினர் ஆவோர். நடத்துவோரும் ஊதியம் பெறாத ஆர்வலரே. பகற்பொழுதில் ஒரே வேளையிற் பல அறைகளிற் கலந்துரையாடல்கள் நிகழும். எழுத்தாளர், ஓவியர், அறிவியலார் ஆகியோர் மேடையில் அமர, கேட்போர் எழுந்து வினவுவர், மறுப்பர். ஒரு கூடத்தில் நூல்கள் விற்பனையாகும். மற்றொன்றில் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெறும். மாலையிற் கதைமாந்தர் கோலம் பூண்டு வருவோரின் அணிவகுப்பு நடைபெறும். இக்கோல மரபு 1939-ஆம் ஆண்டு மாநாட்டிலேயே தோன்றியது. பாரஸ்ட் ஆக்கர்மன், மர்ட்டில் டக்ளஸ் ஆகிய இருவர் வருங்கால உடை அணிந்து ஆங்கு வந்தனர்.

இவையெல்லாம் விழாவின் புறவுறுப்புகள். அகவுறுப்புகள் இரண்டு. ஒன்று, 1953-இல் தொடங்கிய ஹூகோ பரிசு. ஆண்டின் சிறந்த படைப்பினை உறுப்பினரே வாக்களித்துத் தேர்வர். மற்றொன்று, விதிகளைத் திருத்தும் உறுப்பினர் கூட்டம். அடுத்த மாநாடுகள் எந்நகரிற் கூடும் என்பதும் வாக்கினாலேயே துணியப்பெறும். பல நாள் கூடுதல் ஏன் வேண்டும் என்பதற்கு விடை ஈண்டுள்ளது. ஒரு நாட் கூட்டத்திற் சொற்பொழிவைக் கேட்கலாம். கேட்டதை மறுநாள் மறுக்கவும், மறுத்ததை மூன்றாம் நாள் எண்ணித் திருத்தவும் இடம் இராது. முதல் நாள் வாயடைத்து நின்ற இளைஞன் மூன்றாம் நாள் எழுந்து வினவுகின்றான். வாசகன் திறனாய்வாளன் ஆகும் மாற்றத்திற்கு இக்கால நீட்சி இன்றியமையாதது.

இவ்வவையும் குற்றத்திற்கு அப்பாற்பட்டதன்று. 2023-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் உலக மாநாடு சீனத்துச் செங்டு நகரிற் கூடியது. மின்னணு ஆலைகள் மலிந்த அந்நகரிலிருந்து 1979 முதல் அறிவியற் புனைகதை இதழ் ஒன்று வெளிவருகின்றது; அதன் வாசகர் கூட்டமே மாநாட்டுக்கு வித்தாயிற்று. ஆயின் அவ்வாண்டுப் பரிசுக்கு உரிய முன்மொழிவைப் பெற்ற சில படைப்புகள், காரணம் விளக்கப்பெறாமலே தகுதியற்றன என விலக்கப்பட்டமை 2024-இல் வெளியாகிப் பெரும் பூசலாயிற்று. 1939-இல் ஆட்களுக்கு அடைபட்ட வாயில், 2023-இல் நூல்களுக்கு அடைபட்டது. இரு போதும் கண்டித்து எழுந்தோர் ஆர்வலரே என்பதையும் உடன் கூறல் வேண்டும். தன் பிழையைத் தானே எடுத்துரைக்கும் ஆற்றல் அவைக்கு உண்டு. கடைக்கு அஃது இல்லை.

தமிழ் மரபில் விழாவும் பொறியும்

பல நாள் கூடி மகிழ்தலும் வாதிடுதலும் தமிழர்க்குப் புதியன அல்ல. மணிமேகலையின் விழாவறை காதை, புகார் நகரத்து இந்திரவிழா இருபத்தெட்டு நாள் நிகழ்வதை முரசறைந்து கூறுகின்றது. அவ்வறிவிப்பில் தெருக்களை அணி செய்தலோடு, சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி முறையாக வாதிடலும், பகைகொண்டோர் பூசலின்றி ஒழுகலும் வேண்டப்பெறுகின்றன. கொண்டாட்டமும் திறனாய்வும் ஒரே விழாவின் இரு கூறுகளாக அமைந்தமை கருதத்தக்கது. அவ்விழா நகரின் மருவூர்ப்பாக்கத்தில் கொல்லர், தச்சர், கன்னார் முதலிய தொழில்வல்லோர் வாழ்ந்ததைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கும். ஆக, விழா நிகழ்ந்த ஊரிலேயே தொழிலாளர் சேரியும் இருந்தது.

பொறிகளைப் பற்றிய கற்பனையும் நம் நூல்களில் உண்டு. உதயணனைச் சிறைப்பிடிக்க வீரரை உள்ளடக்கிய எந்திர யானை பெருங்கதையில் வருகின்றது. சீவக சிந்தாமணியில் அரசி விசயை மயிற்பொறி ஏறி வானிற் சென்று உயிர் தப்புகின்றாள். பொறியை முறுக்கும் முறையை அவள் முன்னரே பயின்றிருந்தாள் என்று கூறும் தேவர், பொறியோடு அதனை இயக்கும் கையையும் நமக்குக் காட்டுகின்றார். வானத்திற் பறக்கும் பொறியைக் கற்பித்தல் எளிது. அதனைத் திருகும் ஒரு பெண்ணின் பயிற்சியை நினைந்து பாடுதல் அரிது. பிற்காலத் தமிழ் அறிவியற் புனைகதை இவ்வரிய கூறினை எவ்வளவு பேணியுள்ளது என்பதே இனி நாம் வினவ வேண்டியது.

தமிழ் வாசகரின் நிலை

சுஜாதா பெங்களூர்ப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பொறியாளராகப் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவுப் பொறியின் உருவாக்கத்திற் பங்கு கொண்டவர். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய ‘என் இனிய இயந்திரா’வும் அதன் தொடர்ச்சியாகிய ‘மீண்டும் ஜீனோ’வும் தமிழர் பலர்க்கு அறிவியற் புனைகதையை அறிமுகம் செய்தன. ஜூனியர் விகடனில் வந்த ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்னும் வினாவிடைப் பகுதி வாசகரின் அறிவியல் வேட்கைக்குச் சான்றாகும். ஆயின் கெர்ன்ஸ்பேக்கின் மடற்பகுதியோடு இதனை ஒப்பிட்டால் ஒரு வேற்றுமை விளங்கும். ஆங்கு மடல் வாசகரிடமிருந்து வாசகர்க்குச் சென்றது. ஈண்டு வினா வாசகரிடமிருந்து ஆசிரியர்க்குச் சென்றது. விடை ஆசிரியரிடமிருந்து யாவர்க்கும் வந்தது. வாசகர் ஆசிரியரை அறிந்தனர், ஒருவரையொருவர் அறிந்திலர். ஆசிரியர் மறைந்தபோது அவ்வமைப்பும் அவரோடு மறைந்தது.

தமிழர்க்குக் கூடும் இயல்பு இல்லை என்பார் உளரேல், அவர்க்குத் திரைப்பட நடிகரின் ரசிகர் மன்றங்களைச் சுட்டுவோம். ஊர்தோறும் கிளை, உறுப்பினர் அட்டை, ஆண்டு விழா எனப் பரந்த அமைப்புகள் அவை. ஆயின் அவை ஒரு மனிதரைச் சூழ்ந்தன. ஓர் இலக்கிய வகையைச் சூழ்ந்தன அல்ல. ஒருவரைப் போற்றக் கூடுவோர் அவர் குறையை உரைக்க மாட்டார். ஒரு வகையை விரும்பிக் கூடுவோர் அதன் ஆசிரியர் எவரையும் வினவ முற்படுவர்.

இவ்விரண்டாம் வகைக்குத் தமிழில் அணுக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக்கை பொருத்தப்பெற்ற ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் அக்கை மட்டும் தோன்ற ஏனைய உடல் மறையப் பெறுகின்றான். பிரித்தானியச் சித்திரக்கதையின் தமிழாக்கமேயாயினும், அதனைப் படித்து வளர்ந்தோர் இன்று நடுவயது கடந்தும் லயன்–முத்து காமிக்ஸ் வாசகராகத் தொடர்கின்றனர். ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டி அவர்கள் ஒன்றுகூடுதலும், அடுத்து வரவேண்டிய கதைகள், மொழிபெயர்ப்பின் தரம், அச்சின் செம்மை ஆகியவற்றை ஆசிரியரோடு நேரிற் பேசுதலும் வழக்கமாயின. ஆய்வாளர் சித்திரக்கதை என்று எளிதில் ஒதுக்கிவிடும் இடத்தில், ஆர்வலர் அவை ஒன்று தானே முளைத்திருத்தல் நம் கவனத்திற்கு உரியது.

கல்வித்துறையில், 1998-இல் தோன்றிய இந்திய அறிவியற் புனைகதை ஆய்வுக் கழகம் மாநாடுகள் பல நடத்தியுள்ளது. அக்கழகத்தின் தொடக்கம் வேலூரோடு தொடர்புடையது. திருப்பெரும்புதூர் வழியே மேற்கே செல்லும் நெடுஞ்சாலையிலேயே அந்நகர் உள்ளது. எனினும் அம்மாநாடுகளின் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவன. 2018-இல் தொடங்கிய ‘அரூ’ என்னும் இணைய இதழ் அறிவியற் சிறுகதைப் போட்டிகள் நடத்திப் புதிய எழுத்தாளர்க்கு வழி செய்தது. 2024-ஆம் ஆண்டு பிப்பிரவரி 17, 18 ஆகிய நாள்களில் சென்னை நந்தம்பாக்கம் வணிக மையத்திற் காமிக் கான் விழா நடைபெற்றது. தில்லியில் 2011-இல் தொடங்கிய அமைப்பு சென்னையில் நடத்திய முதல் விழா அது. கோலம் பூண்ட இளைஞர்களும் நூற்கடைகளும் அங்கு நிறைந்தன. தம் கையாலேயே அட்டையும் துணியும் வெட்டிக் கோலம் சமைக்கும் இளைஞரின் உழைப்பை எள்ளுதல் தகாது. அதுவும் ஒருவகைக் கைவினையே. ஆயின் ஆங்கு வருவோர் சீட்டுப் பெற்று நுழையும் பார்வையாளர். வாக்களிக்கும் உறுப்பினர் அல்லர். ஆதலின் அதனை விழாவெனக் கொள்ளலாமேயன்றி, யாம் கூறும் அவையெனக் கொள்ளல் இயலாது.

இவற்றைத் தொகுத்து நோக்கின், ஈரோட்டில் வாசகர் உறவும், வேலூரில் ஆராய்ச்சியும், சென்னையில் விழாவும், இணையத்திற் படைப்பும் தனித்தனியே நிற்பது புலனாகும். நான்கும் ஓரிடத்திற் கூடினால் மாநாடு ஆகும்.

ஆலைநிலம் தரும் அளவுகோல்

சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ளது திருப்பெரும்புதூர். இராமாநுசர் தோன்றிய இவ்வூரிற் சித்திரைத் திருவாதிரையை ஒட்டிப் பத்து நாள் விழா ஆண்டுதோறும் நடைபெறும். இதனை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இற் கார்களை உருவாக்கத் தொடங்கியது. நோக்கியா ஆலை 2006-இல் தோன்றி 2014-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் உற்பத்தியை நிறுத்தியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இலும், டைம்லர் வணிக ஊர்தி ஆலை 2012-இலும் திறக்கப்பெற்றன. 2013-இல் ராயல் என்ஃபீல்டு வந்தது. சுங்குவார்சத்திரத்தை ஒட்டி ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பூட்டப்பெறுகின்றன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்குரிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது.

இந்நிலத்தில் எந்திரக்கை கற்பனைப் பொருளன்று. கார் ஆலைகளிற் பற்றவைப்பையும் வண்ணப்பூச்சையும் எந்திரக்கைகள் செய்ய, வேலியின் இப்பால் நின்று மனிதர் அவற்றின் வேகத்திற்குத் தம் கையை ஒத்தியைவிக்கின்றனர். அவ்வாறு நிற்போர்க்கு நம் அறிவியற் புனைகதை என்ன கூறுகின்றது? ‘என் இனிய இயந்திரா’வில் எந்திரம் நூல் படித்துச் சிந்திக்கக் கற்கும் செல்ல நாயாகின்றது, ஆட்சி செய்யும் மாயவுருவமும் ஆகின்றது. ‘இரும்புக்கை மாயாவி’யில் அது படைக்கலம். 2010-இல் வந்த ‘எந்திரன்’ திரைப்படத்திற் காதலனும் பகைவனும் அதுவே; எந்திரர் படை உருவாகும் இடத்திலும் எந்திரனே எந்திரனைச் செய்கின்றான், தொழிலாளியைக் காணோம். ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுதிக் கதைகள் நம் மரபறிவை அறிவியலோடு உரசிப் பார்க்கும் வேறொரு நெறியின. அவற்றின் நோக்கும் ஆலைப்பக்கம் திரும்பவில்லை. எந்திரம் தோழனாகவும் தலைவனாகவும் காதலனாகவும் வந்தது. உடன் வேலை செய்வதாக மட்டும் அரிதாகவே வந்தது. ‘ரோபோ’ என்னும் சொல்லை உலகிற்குத் தந்த காரெல் சாபெக்கின் நாடகமோ ஆலையிலேயே தொடங்குகின்றது. 1921-இற் பிராகு நகரில் அரங்கேறிய அந்நாடகத்திற்கு அடியாகிய செக் மொழிச் சொல், கட்டாய உழைப்பைக் குறிப்பது.

மற்றோர் ஒப்பீடும் இங்குப் பொருந்தும். சுஜாதாவின் புதினம் 2020-களின் தொடக்கத்தில் நிகழ்வதாகப் புனையப்பெற்றது. அவ்வுலகில் மாந்தர் பெயர் ஈரெழுத்தைக் கடத்தல் ஆகாது. வாழ்நாளும் அரசு வகுத்ததே. நிலா, சிபி, ரவி, மனோ என்னும் பெயர்களே அவ்வொடுக்கத்தை ஓயாது நினைவூட்டுவன. இது சிறந்த உத்தி என்பதில் ஐயமில்லை. அக்கதை குறித்த காலம் மெய்யாகவே வந்தபோது, 2021 டிசம்பரில், விடுதி உணவால் உடன் உழைப்போர் நோயுற்றமை பொறாது பெண் தொழிலாளர் பெருந்திரளாகத் திருப்பெரும்புதூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். 2024-இற் சாம்சங் ஆலைத் தொழிலாளர் தம் சங்கத்தை ஏற்க வேண்டி ஒரு மாதத்திற்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். வருங்காலத்தின் ஒடுக்கத்தைச் சுஜாதா அரசின் வடிவிற் கண்டார். வந்துற்ற வருங்காலத்தில் விடுதியும் வேலைநேரமும் கூடும் உரிமையுமே வினாப்பொருளாயின. ஆசிரியர் வருவதுரைக்கும் கணியர் அல்லராதலின் இதனை அவர் குறையெனக் கூறோம். ஆயின் அவர்க்குப் பின் எழுதுவோர் இவ்வினாவை எடுத்துக்கொள்ளாமைக்குக் காரணம் தேடல் வேண்டும். பொறியறிந்த வாசகர் எழுந்து நின்று, ‘ஜீனோவைப் பூட்டிய கை யாருடையது?’ என்று கேட்கும் அவை இல்லாமையே முதற்காரணம் என்பது எம் முடிவு.

தடையும் விடையும்

இதற்குத் தடைகள் சில எழும். இலக்கியம் தனிமையிற் பிறப்பது; கூட்டம் அதற்குப் பகை என்பர் சிலர். எழுதுதல் தனிமையில் நிகழ்வதாயினும், எழுதியதை அளத்தல் தனிமையில் நிகழ்வதன்று. அரங்கேற்றம் கண்ட மொழிக்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

ஆலைத் தொழிலாளர்க்குப் பல நாள் கூட ஓய்வு ஏது என்பது வலிய தடை. முறை மாறி முறை வேலை செய்வோர் மூன்று நாளும் ஓரிடத்தில் இருத்தல் அரிது. ஆயின் பல நாள் மாநாடு என்னும் அமைப்பே இதற்கு விடை தருவது. ஒரே கலந்துரையாடலைக் காலையிலும் மாலையிலும் இருமுறை நிகழ்த்தினால், இரவுமுறை முடித்தவரும் பகல்முறை முடித்தவரும் ஒவ்வொரு வேளையில் வந்து கேட்கலாம். வர இயலாதோர் மடல் வழி வாக்களிக்கும் முறையும் உலக மாநாட்டில் முன்னரே உண்டு. 1939-இல் வாயிலில் நின்ற இளைஞரும் செல்வர் அல்லர். பொருளாதார வீழ்ச்சியின் நாளில் வளர்ந்தவர். ஆலைநிலத்து விடுதிகளில் இன்று வாழ்வோருட் பலரும் அவர்களைப் போன்றே இருபதை ஒட்டிய அகவையினர்.

தொழிலாளர் அறிவியற் புனைகதையை விரும்புவர் என்பதற்குச் சான்று என்ன என்பது மூன்றாம் தடை. விரும்புவரோ மாட்டாரோ என்பதை அவர்க்காக நாம் துணிதலே, வாயிலை முன்கூட்டி அடைத்தலாகும். திருக்கோட்டியூரிற் பெற்ற மறைபொருளைக் கோபுரத்தின் மேல் ஏறி யாவர்க்கும் உரைத்தார் என இராமாநுசர் வரலாறு கூறும். தகுதியுடையோர் யாவர் என்று முதலில் ஆராய்ந்து பின்னர் உரைத்தார் என அவ்வரலாறு கூறவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். அறிவியற் புனைகதை ஆர்வலர் மாநாடு விழாவும் சந்தையும் போலத் தோன்றினும், அதன் உயிர்நிலை வாசகர் அவையாதலே. அதன் பல நாள் நீட்சி வாசகரைத் திறனாய்வாளர் ஆக்கப் பயன்படுவது. அதன் வாயில் அடைபட்டபோதெல்லாம் உழைப்பையும் ஆட்சியையும் பற்றிய வினாக்களே வெளியே நின்றன. தமிழில் அத்தகைய அவையின் உறுப்புகள் சிதறிக் கிடக்கின்றன. அவை கூடாமையால் நம் அறிவியற் புனைகதை, பொறியைப் பல கோலத்திற் காட்டியும் பொறியோடு உழைப்பவரைக் காட்டாது நின்றது.

தமிழ்த்துறைகள் இதன்கண் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அடுத்து நடத்தும் அறிவியற் புனைகதைக் கருத்தரங்கைப் பல்கலைக்கழக மண்டபத்தில் ஒரு நாளில் முடித்துவிடாமல், திருப்பெரும்புதூரிலோ ஒரகடத்திலோ மூன்று நாள் நிகழ்த்தலாம். கட்டுரைகளைத் தமிழிற் படிக்கலாம். ஆண்டின் சிறந்த கதையைத் தேரும் வாக்கினை ஆலைமுறை முடித்து வருவோர் கையிலும் கொடுக்கலாம். அவர்கள் எக்கதையைத் தேர்வர் என்பதை யாம் அறியோம். அதனை அறிதற்கே அவை வேண்டும் என்கின்றோம். மயிற்பொறியைத் திருகக் கற்ற விசயையைப் பாடிய மொழியில், ஐபோனைப் பூட்டக் கற்றவளைப் பற்றிய கதையை அவளே படித்துக் குறையும் நிறையும் கூறும் நாள் வருதல் வேண்டும்.